பிரேக்கை அழுத்தினால் நடுங்கும் ஸ்டேரிங்: மலாக்கா சாலைகளில் ஒரு பழுதின் வரலாறு



இம்முறை இலக்கணத்தைப் பற்றியோ தேர்வுத் தாள்களைப் பற்றியோ எழுதப் போவதில்லை. நம் பள்ளி வாசல்களில் காலையில் வந்து நிற்கும் கார்களைப் பாருங்கள். அவற்றுள் பெரும்பாலானவை நம் கைக்கு வருமுன் இன்னொருவர் ஓட்டியவை. சில, மூன்றாம் கைக்கும் நான்காம் கைக்கும் வந்தவை. அக்கார்களில் அடிக்கடி தோன்றும் ஒரு பழுதைப் பற்றியதே இக்கட்டுரை. நெடுஞ்சாலையில் 90 அல்லது 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்வரை கார் அமைதியாக ஓடுகிறது. பிரேக்கை அழுத்திய கணத்தில் ஸ்டேரிங் இடமும் வலமுமாக நடுங்கத் தொடங்குகிறது. காலை எடுத்தால் நடுக்கமும் நின்றுவிடுகிறது.

பட்டறைக்குக் கொண்டுசென்றால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். "டிஸ்க் வளைந்துவிட்டது, கடைய வேண்டும்." கடைந்து கொடுக்கிறார்கள். சில மாதங்கள் நன்றாக ஓடுகிறது. பிறகு அதே நடுக்கம்! பெற்றோர் ஒருவர் என்னிடம், "சார், மூணு தடவ டிஸ்க் கடைஞ்சாச்சு, இப்ப புதுசே போட்டாச்சு, இன்னமும் ஆடுது" என்றார். இத்தனைக்கும் அவர் சென்றது ஒரே பட்டறைக்கு அல்ல. பல ஊர்களில், பல கைகளில், ஒரே தவறான கணிப்பு ஏன் திரும்பத் திரும்ப நிகழ்கிறது? அதற்கான விடை இயந்திரத்தில் பாதியும் வரலாற்றில் பாதியும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வரலாற்றுப் பாதியிலிருந்து தொடங்குகிறேன்.

(ஒரு சிறு குறிப்பு. 'மகிழுந்து' என்னும் சொல்மீது எனக்குப் பற்று உண்டு. வகுப்பில் அதையே பயன்படுத்துகிறேன். ஆனால், இக்கட்டுரையைப் படித்துவிட்டு நீங்கள் பேசப்போவது போமேனிடம். ஆகவே கார், பிரேக், டிஸ்க் என்றே எழுதுகிறேன். 'போமேன்' என்பதும் ஃபோர்மேன் என்ற ஆங்கிலச் சொல் நம் நாட்டில் கொண்ட வடிவமே.)

காரின் வரலாற்றில் மலாக்காவுக்கு ஓர் இடம் உண்டு என்பதை நம் மாணவர்கள் அறிவதில்லை. மலாயாவில் வாணிப நோக்குடன் முதலில் ரப்பர் பயிரிடப்பட்ட இடங்களுள் இம்மாநிலமும் ஒன்று. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி ரப்பர் விதைகளைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் மன்றாடிக்கொண்டிருந்த காலத்தில், மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் அதனை நட்டார். பின்னர் புக்கிட் அசஹானில் மிகப் பெரிய அளவில் விரிவாக்கினார். அப்போது உலகில் கார்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அடுத்த இருபது ஆண்டுகளில் கார் பெருகியது, டயர் பெருகியது, ரப்பர் பெருகியது, அதை வெட்டத் தமிழர்களும் கப்பல் கப்பலாக வந்திறங்கினர். டயருக்கான பாலை இறக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் சொந்தமாக நான்கு டயர்களை வாங்குவதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

மலாக்காவில் சாலைக்கு மாற்றும் இல்லை. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905இல் போடப்பட்ட கிளை இருப்புப் பாதையை ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பெயர்த்து, சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோயினர். தண்டவாளம் போன அதே வழியில் நம் தோட்டத்து ஆடவர்களும் போனார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. தண்டவாளமும் திரும்பவில்லை. இன்றும் மலாக்கா நகருக்கு இரயில் கிடையாது. புலாவ் செபாங்கில் இறங்கிச் சாலை வழியே வரவேண்டும். ஆகவே அலோர் காஜாவிலிருந்தோ ஜாசினிலிருந்தோ மெர்லிமாவிலிருந்தோ வேலைக்குச் செல்கின்றவருக்குப் பேருந்து, மோட்டார் சைக்கிள், கார் ஆகிய மூன்றே வழிகள்.

தோட்டத்தில் முதலில் கார் வைத்திருந்தவர் துரை. பிறகு பெரிய கிராணி, மருந்தகத்து டிரஸர், வசதிப்பட்ட ஒன்றிரண்டு ஆசிரியர்கள். 1950களிலும் 60களிலும் இவர்களிடம் இருந்த கார்களுள் நம் பெரியவர்கள் நினைவில் நிற்பது மோரிஸ் மைனர். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட அந்தக் காரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். தோட்டத்து லாரியிலும் அதே டிரம் பிரேக்தான். பால் டின்களையும் சில தோட்டங்களில் பட்டணத்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் சுமந்தது அந்த லாரி. நம் மக்களுள் முதன்முதலாக இயந்திரப் பிரேக்கைக் காலால் உணர்ந்தவர்கள் அந்த லாரி ஓட்டுநர்களே. அவர்களுக்கு உதவியாளாகச் சேர்ந்து ஸ்பேனர் பிடிக்கக் கற்றவர்கள் பின்னாளில் பட்டறை வைத்தனர். ஆகவே நம் பட்டறைக் கல்வி டிரம் பிரேக்கில் தொடங்கிய கல்வி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதம் இதன்மேல்தான் நிற்கிறது.

டிரம் பிரேக் என்பது சக்கரத்தோடு சுழலும் ஒரு சட்டி. அதனுள்ளே பிறை வடிவில் இரண்டு கட்டைகள் உண்டு. பெடலை அழுத்தினால் அவை விரிந்து சட்டியின் உட்சுவரை உரசுகின்றன. 1902இல் பிரான்சின் லூயி ரெனோ இதற்கு உருக்கொடுத்தார். மூடிய சட்டி என்பதால் மழையும் சேறும் எளிதில் நுழையா. அதுவே அதன் பலவீனமும்கூட. உள்ளே எழும் வெப்பம் வெளியேறாது. நீண்ட இறக்கத்தில் தொடர்ந்து அழுத்தினால் சட்டி சூடேறி விரிந்து கட்டையை விட்டு விலகும்; பெடல் கீழே கீழே போகும். சூடான சட்டியோடு லாரியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால், ஆறும்போது சட்டி வட்டம் தப்பி முட்டை வடிவம் கொள்வதுண்டு. தோட்டத்து லாரி ஓட்டிய பெரியவர் ஒருவர், "டிரம்மு ஓவலாச்சுன்னா மொதல்ல காலுக்குத்தான் தெரியும் தம்பி, கைக்கு இல்ல" என்று எனக்கு விளக்கியிருக்கிறார். பெடல் காலை உதைக்கும். வண்டி விட்டுவிட்டு நிற்கும்.

அதற்கு மருந்து லேத் பட்டறை. சட்டியைக் கழற்றிக் கடைசல் இயந்திரத்தில் ஏற்றி, உட்சுவரை மீண்டும் வட்டமாகக் கடைவார்கள். வடிவம் கெட்டது உண்மை. கடைந்தால் சரியானதும் உண்மை. "வளைந்தது, கடைந்தோம், தீர்ந்தது" என்பது டிரம் காலத்தில் பொய்யன்று. முப்பது, நாற்பது ஆண்டுகள் கண்ணால் கண்டு உறுதிப்படுத்திய பட்டறிவு அது.

இனி டிஸ்க்குக்கு வருவோம். வியப்பான செய்தி என்னவென்றால், டிஸ்க் பிரேக்கும் அதே 1902ஆம் ஆண்டுக் குழந்தைதான். இங்கிலாந்தின் பிரடெரிக் லான்செஸ்டர் அவ்வாண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் அமைப்பு. ஆனால், உரசுபொருளாக அவர் செம்பைப் பயன்படுத்தினார். அது காதைக் கிழிக்கும்படி கிறீச்சிட்டது. நல்ல கருத்து, பொருத்தமான பொருள் கிடைக்காமல் அரை நூற்றாண்டு தூங்கியது. விமானங்களின் தேவைதான் அதை எழுப்பியது. இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம் விமானச் சக்கரங்களுக்கு உருவாக்கிய டிஸ்க் பிரேக்கை ஜாகுவார் பந்தயக் கார்களில் பொருத்திப் பார்த்தனர். 1953ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஆகிய இருவரும் ஓட்டிய ஜாகுவார் வென்றது. அப்பந்தயத்தில் வென்ற காரின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதன்முறை. மற்றவர்களின் டிரம் சூடேறித் தளர்ந்த வளைவுகளில் ஜாகுவார் ஓட்டுநர்கள் பிந்திப் பிரேக் பிடித்து முந்திச் சென்றனர். 1955இல் சிட்ரோயன் டிஎஸ் காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் வந்தது. அதன்பின் அது பந்தயத் திடலை விட்டு வீதிக்கு இறங்கியது.

டன்லப் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் பிரேக் நினைவுக்கு வராது. அது அவர்களுக்கு ஒரு தோட்டக் கம்பெனியின் பெயர். 1910 முதல் மலாயாவில் நிலம் வாங்கத் தொடங்கிய அந்நிறுவனம் இந்நாட்டின் மிகப் பெரிய ரப்பர்த் தோட்ட முதலாளிகளுள் ஒன்றாக வளர்ந்தது. நம் மாநில எல்லையில் உள்ள பத்தாங் மலாக்காவில் அதன் தோட்ட ஆய்வு நிலையமும் இருந்தது. ஒருபுறம் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்ட கம்பெனி. மறுபுறம் லெ மானில் உலகை வியக்கவைத்த கம்பெனி. பிரட்டில் நின்றவர்களுக்கு மறுபுறத்தைப் பற்றி யாரும் சொன்னதில்லை. ஆறாம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு செய்தியை நான் தவறாமல் சொல்வேன். மாணவர் கண்கள் விரியும்.

டிஸ்க் பிரேக் நம் வீட்டு வாசலுக்கு வந்தது தேசியக் காருடன்தான் என்று சொல்வேன். அதற்குமுன் ஜப்பானியக் கார்கள் சிலவற்றில் அது இருந்தது. ஆனால் அவற்றை வைத்திருந்த நம்மவர் சிலரே. 1985 ஜூலை 9ஆம் நாள் புரோட்டோன் சாகா வெளியிடப்பட்டது. மிட்சுபிஷி லான்சரை அடியொற்றிய அதன் முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். 1992இல் இஸ்வாராவும் 1993இல் வீராவும் வந்தன. புதிய மாடல் வரவர, முதல் உரிமையாளர்கள் தங்கள் சாகாவை விற்றனர். அந்தப் பழைய சாகாக்களே நம் குடும்பங்கள் பலவற்றின் முதல் கார்.

அதே ஆண்டுகளில் தோட்டங்களும் மாறிக்கொண்டிருந்தன. 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் பலர் வேலை இழந்தனர். பிறகு ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்து ஆள் தேவை குறைந்தது. 1970களில் பத்து பெரண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்தில் மின்னியல் ஆலைகள் எழும்பி, தோட்டத்துப் பெண்பிள்ளைகளைக்கூட ஆலைப் பேருந்துகள் அழைத்துச் சென்றன. லயத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்குக் கார் ஆடம்பரமன்று. சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்துப் பழைய கார் வாங்கிய தந்தையர் பலரை நான் அறிவேன். அவர்களுக்குக் கையில் இருந்தது அந்த ஒரே தொகை. ஆகவேதான் தவறான கணிப்புக்காக மூன்று முறை கூலி கொடுப்பதை என்னால் சிறிய விஷயமாக எண்ண முடியவில்லை.

மூன்றாவதாக வந்து சேர்ந்தது வேகம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை 1994 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அலோர் காஜா அருகே சிம்பாங் அம்பாட், பிறகு ஆயர் குரோ, ஜாசின் என மலாக்காவுக்கு வாசல்கள் அமைந்தன. வளைவும் பாலமும் கம்பமுமாகச் சென்ற பழைய சாலையில் 60, 70 என்று ஓடிய கார்கள் 110 கிலோமீட்டரில் ஓடலாயின. இது ஏன் முக்கியம் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 13 அங்குலச் சக்கரம் பூட்டிய சிறு காரின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் செல்லும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 15 முறை சுற்றும். 50 கிலோமீட்டரில் ஏழெட்டு முறை. டிஸ்க்கில் ஒரு குறை இருந்தால் சுற்றுக்கு ஒரு முறை அது பிரேக் பட்டையைத் தட்டும். நொடிக்குப் பத்து, பதினைந்து தட்டு என்பது முன்சக்கர அமைப்பும் ஸ்டேரிங்கும் இயல்பாகவே ஆடத் துடிக்கும் எண்ணிக்கையை ஒட்டி வருகிறது. ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் சிறு கையும் பெரிதாக ஆட்டும் அல்லவா? அதுபோலத்தான். மெதுவாக ஓட்டுகையில் தெரியாத குறை நெடுஞ்சாலையில் கையை உலுக்குவதற்குக் காரணம் இதுவே.

ஆக, டிஸ்க்கும் நெடுஞ்சாலை வேகமும் ஒன்றுசேர்ந்தபின் நம்மிடையே பரவிய புதிய நோய் இது. நோய் புதிது, மருத்துவர் கையில் இருந்ததோ டிரம் காலத்து ஏடு. "வளைந்துவிட்டது, கடை" என்ற தீர்ப்பு அப்படியே டிஸ்க்கின்மேல் ஏற்றப்பட்டது. யாரையும் ஏமாற்றும் எண்ணத்தோடு சொல்லப்பட்டதன்று அது. ஆசான் சொன்னதை மாணவன் சொல்வது. நம் தொழிலிலும் இத்தகைய ஏடுகள் இல்லையா என்ன?

உண்மையில் நடப்பது வேறு. டிஸ்க் என்பது தடித்த வார்ப்பிரும்பு. சாலையில் ஓடும் காரில் அது பாத்திரம்போல் நெளிவது மிக அரிது. கரோல் ஸ்மித் என்ற பந்தயப் பொறியாளர் 'வளைந்த டிஸ்க்' என்பது பெரும்பாலும் கட்டுக்கதை என்றே கட்டுரை எழுதினார். கெடுவது டிஸ்க்கின் வடிவமன்று, அதன் கனம். வட்டத்தின் ஒரு பகுதி மற்றப் பகுதியைவிடச் சற்று மெலிந்தோ தடித்தோ போய்விடுகிறது. தடித்த இடம் பட்டைகளுக்கிடையே வரும்போது பிடி இறுகுகிறது. மெலிந்த இடம் வரும்போது தளர்கிறது. எவ்வளவு வேறுபாடு போதும் தெரியுமா? நாம் பயிற்சித்தாள் அச்சிடும் ஏ4 தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதில் ஏழில் ஒரு பங்கு, அதாவது 0.015 மில்லிமீட்டர் அளவே பல கார்களில் நடுக்கத்தை உணர்த்தப் போதுமானது. கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படாத அளவு! டிஸ்க்கைத் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த வேறுபாடு எவ்வாறு உண்டாகிறது என்பதே முழுக் கதையின் முடிச்சு. டிஸ்க் உட்காரும் இடம் ஹப். புதிய டிஸ்க்காகவே இருந்தாலும், ஹப்பின் முகத்தில் துரு படிந்திருந்தால் டிஸ்க் சற்றுச் சாய்ந்து உட்காரும். சக்கர நட்டுகளை ஒழுங்கின்றி இறுக்கினாலும் அப்படியே. சாய்ந்த டிஸ்க் சுழலும்போது, மாவு அரைக்கும் கல் ஆடுவதுபோல் பக்கவாட்டில் மெல்ல ஆடும். இதற்கு அனுமதிக்கப்படும் அளவு பல கார்களில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்தான். அளவு மீறினாலும் அன்றே நடுக்கம் வராது. காலைப் பிரேக்கில் வைக்காமல் ஓட்டும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் ஆடும் அந்த ஒரே இடம் பட்டையை இலேசாக உரசிச் செல்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இப்படி உரசி உரசி அந்த இடம் தேய்கிறது. சில மாதங்களில் கன வேறுபாடு பிறந்துவிடுகிறது, நடுக்கமும் வந்துவிடுகிறது.

இப்போது அந்தப் பெற்றோரின் கதை விளங்கும். டிஸ்க்கைக் கழற்றிக் கடைந்தபோது கனம் சமமாயிற்று. ஆகவே நடுக்கம் நின்றது. ஆனால் துருப்பிடித்த அதே ஹப்பின்மேல் மீண்டும் பூட்டியதால் சாய்வு அப்படியே இருந்தது. நோய் மறுபடியும் வளரத் தொடங்கிய நாள், பழுது தீர்ந்ததாகப் பணம் கொடுத்த அதே நாள்! புதிய டிஸ்க் போட்டும் ஆடியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நம் வட்டாரத்தில் ஹப் துருப்பிடிப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் ஈரக்காற்று. தோட்டத்துச் செம்மண் சாலையில் மழைக்காலத்தில் சக்கரத்தினுள் அப்பிக்கொள்ளும் சேறு. பள்ளி விடுமுறையில் வாரக்கணக்கில் நிறுத்திவைத்த கார். ஆண்டிறுதி விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பியதும் டிஸ்க்கில் மெல்லிய செந்துரு தெரிவது இயல்பு. சில முறை பிரேக் பிடித்தால் போய்விடும். பட்டைக்கு அடியில் அச்சுப்போல் ஆழப் படிந்த துருதான் எளிதில் போகாது.

இன்னொரு காரணம் ஓட்டும் பழக்கத்தில் இருக்கிறது. 110 கிலோமீட்டரில் வந்து, ஆயர் குரோ டோல் சாவடிக்கு முன் அழுத்திப் பிரேக் பிடித்து, வரிசையில் காலை எடுக்காமல் நிற்கிறோம். கொதிக்கும் டிஸ்க்கை ஒரே இடத்தில் பட்டை கவ்விக்கொண்டிருக்கிறது. பட்டையின் பொருள் முத்திரைபோல் அவ்விடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். தடித்த இடம் ஒன்று அங்கே உருவாகிறது. வரிசையில் முன்காருக்குச் சற்று இடைவெளி விட்டு நின்று, பாதுகாப்பாக இருந்தால் மெல்ல மெல்ல நகர்ந்து செல்வது நல்லது.

சரி, நம் காரில் ஆடுவது எது என்று எவ்வாறு அறிவது? முதலில் ஓர் எச்சரிக்கை. டயர் கழற்றி மாட்டிய ஓரிரு நாளில் திடீரென்று நடுக்கம் வந்தால், மேற்கொண்டு ஓட்டாமல் நட்டுகள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். ஏனையவற்றைப் பிறகு ஆராயலாம்.

பிரேக்கில் கால் வைக்காமலே 80, 90இல் ஸ்டேரிங் ஆடினால் அது டயர் பேலன்சிங் குறையாகவோ ரிம் அடிபட்டதாகவோ இருக்கலாம். அதற்கு டிஸ்க் கடைவது வீண். அதேபோல் பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடும் காருக்குத் திரும்பத் திரும்ப பேலன்சிங் செய்வதும் வீண். நடுக்கம் கையில் தெரிந்தால் பெரும்பாலும் முன்சக்கரம். இருக்கையிலும் பெடலிலும் மட்டும் தெரிந்தால் பின்சக்கரத்து டிரம்மைச் சந்தேகிக்கலாம். (அங்கே பழைய ஏடு இன்றும் செல்லும், டிரம் வட்டம் தப்பினால் கடைவதே முறை.) பிரேக் பிடிக்கையில் கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ, ஓட்டி நிறுத்தியபின் ஒரு முன்சக்கரம் மட்டும் அதிகமாகக் கொதித்தாலோ, காலிப்பர் இறுகிக்கொண்டிருக்கலாம். ஏபிஎஸ் உள்ள காரில் வழுக்கும் சாலையில் அவசரமாக அழுத்தும்போது பெடல் படபடப்பது பழுதன்று. அது வேலை செய்வதன் அடையாளம்.

பழைய காரில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். பால் ஜாயிண்ட், டை ராட் முனை, கீழ்க்கையின் ரப்பர் புஷ் ஆகியவை தேய்ந்திருந்தால், டிஸ்க்கின் சிறு தட்டையும் அவை பெரிதாக்கிக் காட்டும். புதிய காரில் தெரியாத அளவு வேறுபாடு பழைய காரில் உலுக்கும். நடுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினால், தேய்ந்த பாகங்கள் மேலும் அடிவாங்கும். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேனில் இதை ஒத்திப்போடுவது தகாது.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "டிஸ்க் போடுமுன் ஹப் முகத்தைத் துரு நீங்கத் தேய்த்துவிடுங்கள், டயல் கேஜ் வைத்து ஆட்டத்தைப் பாருங்கள், மைக்ரோமீட்டரால் டிஸ்க்கைச் சுற்றிலும் எட்டு இடத்தில் கனம் பாருங்கள்." இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகாது. நல்ல போமேன் இப்படிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நான் கண்டவரையில், இளைஞர்களுக்கு இது தெரிந்தே இருக்கிறது. தொழிற்கல்லூரியில் படித்தவர்கள் அவர்கள். பெகோவில் 2003 முதல் ஹோண்டா ஆலை இயங்கும் அலோர் காஜா மாவட்டத்தில், டிஸ்க்கை அளக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இருக்கக் கூடாது. ஆட்டம் இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு துளைப் பொருத்தத்தில் திருப்பி மாட்டிப் பார்ப்பதுகூடச் சில வேளை போதும். காரிலேயே வைத்துக் கடையும் இயந்திரம் உள்ள பட்டறை கிடைத்தால் இன்னும் நல்லது. ஹப்பின் சாய்வையும் சேர்த்தே அது திருத்திவிடும். டிஸ்க்கின் மேலேயே குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனதைக் கடைவது ஆபத்து, மாற்றிவிடுவதே வழி.

நட்டுகளை ஏர் கன்னால் 'டர்ர்' என்று ஒரே மூச்சில் முறுக்குவதைத் தடுங்கள். எதிரெதிர் நட்டாக, படிப்படியாக, இறுதியில் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். பெரும்பாலான சிறு கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவு. சரியான எண் காரின் கையேட்டில் இருக்கும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதுவதையும் தடுங்கள். முற்காலப் பட்டைகளில் கல்நார் இருந்தது. டிரம் காலத்துப் போமேன்கள் அதை ஆண்டாண்டாகச் சுவாசித்தார்கள்.

பழைய கார் வாங்கப் போகின்றவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பெயர் மாற்றத்துக்குமுன் பரிசோதனையில் தேறிவிட்டதே, பிறகு எப்படி ஆடுகிறது? 1994இல் தொடங்கப்பட்ட புஸ்பாகோம் போன்ற நிலையங்களில் பிரேக்கைச் சோதிக்கும் உருளைகள் காரின் சக்கரத்தை மிக மெதுவாகவே சுழற்றுகின்றன. ஒவ்வொரு சக்கரமும் போதிய விசையுடன் நிற்கிறதா, இடமும் வலமும் ஒத்துள்ளனவா என்பதே அங்கு முதன்மையான கேள்வி. 100 கிலோமீட்டரில் ஸ்டேரிங் ஆடுமா என்பதை அந்த உருளை கேட்பதில்லை. ஆகவே விற்பவரின் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். அனுமதி பெற்று ஆயர் குரோவிலிருந்து ஜாசின் வரையிலாவது நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். பின்னால் வண்டி இல்லாத இடத்தில் 100இலிருந்து 60 வரை சீராகப் பிரேக் பிடியுங்கள். சிறிது தூரம் ஓட்டி மீண்டும் ஒரு முறை செய்யுங்கள். முதல் முறை ஆடாமல் சூடேறியபின் ஆடும் கார்களும் உண்டு. புதிதாகக் கடைந்த டிஸ்க் பளபளவென்று இருந்தால், எப்போது கடைந்தது, ஏன் கடைந்தது என்று விற்பவரைக் கேளுங்கள்.